பெரம்பூர் மாடியில் ஒரு மிக்-21: சிமுலேட்டர் கூடம் பற்றி ஓய்வுபெற்ற விமானியின் மதிப்புரை

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில், கீழ்த்தளத்தில் ஹார்டுவேர் கடையும் முதல் மாடியில் தையல் வகுப்பும் இயங்கும் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், போர் விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் கூடம் ஒன்று நடக்கிறது. பெயர்ப் பலகை இன்னும் மாட்டப்படவில்லை. ரசீதிலும் பெயர் கிடையாது. தெருவில் யாரிடமாவது "ஃபிளைட் கடை எங்கே?" என்று கேட்டால் மாடியைக் கை காட்டுகிறார்கள். அரை மணி நேரத்துக்கு 400 ரூபாயும் ஒரு மணி நேரத்துக்கு 700 ரூபாயும் வாங்குகிறார்கள். நான் அங்கே அடிக்கடி போய்வருபவன் என்பதாலும், பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் பலர் "இதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா சார்?" என்று என்னிடமே விசாரிக்கிறார்கள் என்பதாலும், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எழுதுபவனைப் பற்றி இரண்டு வரிகள் தேவைப்படும். என் தந்தையார் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர்; நான் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாதெமி வழியாகவும் துண்டிகல் விமானப்படை அகாதெமி வழியாகவும் இந்திய விமானப்படைக்குள் போனவன். துண்டிகல்லில் முதலில் உந்துதண்டு இயந்திரம் பொருத்திய தீபக் பயிற்சி விமானம், பிறகு கிரண் ஜெட், அதன்பின் 1980களின் பிற்பகுதியில் அஸ்ஸாமின் தேஸ்பூரில் டைப்-77 என்று நாங்கள் அழைத்த மிக்-21 போர் விமானம், கடைசியாக மேற்கு எல்லைத் தளங்களில் அதன் பிந்தைய வகையான மிக்-21 பிஸ் என்பது என் வரிசை. 1963-இல் சண்டிகரில் படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைபெற்றது. அந்தச் செய்தி வந்த நாள்களில்தான் என் பேத்தி, "தாத்தா, நம்ம ஏரியாவுலயே அந்த பிளேன் இருக்காம், வாங்க போகலாம்" என்று என்னை முதன்முதலாக அந்த மாடிக்கு இழுத்துப் போனாள்.

கூடத்தில் இரண்டு இருக்கைகள் இருக்கின்றன. ஒன்று பயணிகள் விமானத்துக்கானது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அந்தத் துறை எனக்குப் பழக்கமில்லை. மற்றொன்று போர் விமானத்துக்கானது, அதில் விருப்பப்பட்ட விமானத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதன் சட்டகத்தை வியாசர்பாடியில் பற்றவைத்திருக்கிறார்கள். இருக்கை புதுப்பேட்டையில் கழித்துப்போட்ட கார் ஒன்றிலிருந்து வந்தது. மூன்று பெரிய திரைகள் வளைவாக எதிரில் நிற்கின்றன. வேண்டுமானால் தலையில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டும் தருகிறார்கள். கடையில் விற்கும் குட்டை ஜாய்ஸ்டிக்கை மேசைமேல் வைத்துவிட்டுக் காசு வாங்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஜாய்ஸ்டிக்கின் அடியில் ஒன்றரைச் சாண் நீளத்துக்குக் குழாய் இணைத்து, அதைத் தரையிலிருந்து முழங்கால்களுக்கு நடுவே எழும்பி வரும்படி பொருத்தியிருக்கிறார்கள். மிக்-21-இன் ஸ்டிக் அப்படித்தான் இருக்கும்: நெடியது, கனமானது, முன்னும் பின்னும் நிறைய தூரம் நகர்வது. நீளம் கூடினால் ஒரே அளவு திருப்பத்துக்குக் கை அதிக தூரம் போகவேண்டும், அதனால் கட்டுப்பாடு நுட்பமாகும் என்பதைப் புரிந்துகொண்டு செய்த வேலை அது. கருவியை உருவாக்கிய இளைஞரின் அப்பா பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவராம். வட சென்னை என்றால் குத்துச்சண்டையும் கேரமும் கால்பந்தும்தான் என்று எழுதிப் பழகியவர்கள், மூன்று தலைமுறையாக இங்கே வீட்டுக்கு வீடு லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த கைகள் இருப்பதையும் ஒருமுறை எழுதலாம்.

மிக்-21 பிஸ்ஸைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தவுடன் திரையில் விரியும் காக்பிட், நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு சரியாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். வேகமானி மணிக்குக் கிலோமீட்டரிலும் உயரமானி மீட்டரிலும் இருக்கின்றன. கிரணில் வேகத்தை ‘நாட்’ (மணிக்குக் கடல்மைல்) கணக்கிலும் உயரத்தை அடிக் கணக்கிலும் பழகிய எங்களைப் போன்றவர்கள் தேஸ்பூருக்குப் போன புதிதில் தலைக்குள் கணக்கை மாற்றிக்கொள்ளத் திணறியது இந்த அளவுமானிகளால்தான். பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக வரையப்பட்ட வெள்ளைக் கோட்டையும் விடாமல் போட்டிருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம்போலத் தெரியும். விமானம் சுழன்று விழத் தொடங்கினால், எது மேல் எது கீழ் என்று புரியாத அந்தக் கணத்தில், ஸ்டிக்கை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினால் அது நடுநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். குழம்பிய மூளைக்குக் கண்ணால் பிடித்துக்கொள்ள ஓர் அடையாளம் அது. எரிபொருள் அளவுமானி விஷயத்திலும் மென்பொருளை உருவாக்கியவர்கள் ஏமாற்றவில்லை. மிக்-21-இல் அந்த மானி தொட்டியில் உள்ளதை அளப்பதில்லை. புறப்படுவதற்குமுன் எவ்வளவு நிரப்பினோம் என்பதை நாமே திருகி வைக்கவேண்டும், அதிலிருந்து இயந்திரத்துக்குப் போனதை அது கழித்துக்கொண்டே வரும். திருகி வைக்க மறந்தவனுக்கு அந்த ஊசி பொய் சொல்லும். சிமுலேட்டரிலும் அதே பொய்யைச் சொல்கிறது. இந்த அளவுக்கு நேர்மையான காக்பிட்டை 400 ரூபாய்க்குக் காட்டுவது பெரிய விஷயம்.

இயந்திரத்தைக் கிளப்பும் வரிசையும் சரியாகவே இருக்கிறது: பேட்டரி, பம்புகள், ஜைரோக்கள், ரேடியோ, பிறகு ஸ்டார்ட் பொத்தான், சுழற்சி வேகத்தின் இரண்டு ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுவது, வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறி இறங்கி நிலைப்பது. ஆனால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தை ஓடுதளத்தின் முனையில் தரும்படி கேட்கிறார்கள். அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடத்தை இதற்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. என் பரிந்துரை நேர்மாறானது. இந்தக் கூடத்தில் காசுக்குக் குறையாத பொருள் இந்த ஐந்து நிமிடம்தான். வானத்தில் நடப்பதில் பாதி வெறும் தோற்றம். தரையில் நடப்பது முழுக்க முழுக்க அசல்.

வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொள்வதா, மூன்று திரைகளோடு நிற்பதா என்று உள்ளே நுழைந்ததும் கேட்பார்கள். ஹெட்செட்டுக்கு 150 ரூபாய் கூடுதல். மாட்டிக்கொண்டால் காக்பிட் நம்மைச் சூழ்ந்துவிடுகிறது. திரும்பினால் இறக்கை தெரிகிறது. மேலே பார்த்தால் கண்ணாடிக் கூரையும் பின்பக்கத்தைக் காட்டும் பெரிஸ்கோப்பும் தெரிகின்றன. ஆழமும் தூரமும் திரைகளைவிடப் பன்மடங்கு உண்மையாக இருக்கின்றன. இருந்தும் அது எனக்கு ஒத்துவரவில்லை, அதற்குக் காரணம் கை. மிக்-21-ஐத் தனியே ஓட்ட அனுமதிப்பதற்குமுன் எங்கள் கண்களைத் துணியால் கட்டிக் காக்பிட்டில் உட்காரவைத்து, பயிற்றுநர் ஒவ்வொரு சுவிட்சின் பெயராகச் சொல்ல, தடவாமல் தயங்காமல் விரலை அதன்மேல் வைத்துக் காட்டவேண்டும் என்பது விதி. புகை சூழ்ந்தாலும் இருட்டினாலும் கை வழி தவறக்கூடாது என்பதற்கான பயிற்சி அது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடல்) பொத்தானைப் பார்க்கிறேன், அது துல்லியமாக அங்கே இருக்கிறது, கையை நீட்டினால் வெறும் காற்று. பொத்தான் இருப்பதோ வலது கையில் இருக்கும் மவுஸில். இத்தனை வருடம் கழித்தும் கை சரியான இடத்துக்குப் போகிறது, போன இடத்தில் பொருள் இல்லை. மூன்று திரைகளோடு உட்கார்ந்தால் இந்த ஏமாற்றம் குறைகிறது, ஏனென்றால் இடப்பக்கப் பலகையில் இளைஞர்கள் அசல் சுவிட்சுகள் சிலவற்றைப் பொருத்தியிருக்கிறார்கள்: சக்கரங்களை இறக்கும் நெம்புகோல், ஃபிளாப், பிரேக் பாரசூட், பேட்டரி. ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண உலோக டாகிள்கள்தான், ஆனாலும் அவை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. ஆகவே 150 ரூபாயை மிச்சப்படுத்துங்கள்.

ஹெட்செட்டைப் பற்றி இன்னொன்று. கண் நாம் சுழல்வதாகச் சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ நாற்காலியில் சும்மா இருப்பதாகச் சொல்கிறது; இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. அசல் விமானத்தில் நிறைய மணி நேரம் இருந்தவர்களுக்குச் சிமுலேட்டரில் குமட்டல் கூடுதலாக வருவது விமானத் துறையில் பழைய செய்தி. உடல் எதை எதிர்பார்க்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், அது வராதபோது அவர்களுக்கே அதிகம் தொந்தரவு. புதியவர்கள் பயப்படவேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மட்டும் போகவேண்டாம்.

இனி பறத்தல். இயந்திரத்தின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, அதன்பின் ஆஃப்டர்பர்னருக்கு (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் ஏற்பாடு) தள்ளும் இடத்தில் அசல் விமானத்தில் ஒரு தடை இருக்கும். அதைத் தாண்டினால்தான் பின்னெரிப்பு பற்றும். இங்கே உள்ள த்ராட்டிலில் அந்தத் தடை இல்லை. வழுவழுவென்று கடைசிவரை போய்விடுகிறது. இதனால் புதிதாக வருபவர்கள் தெரியாமலேயே ஆஃப்டர்பர்னரில் பறந்துகொண்டிருக்கிறார்கள். பிஸ்ஸின் ஆர்-25 இயந்திரம் ஆஃப்டர்பர்னரில் சுமார் 7 டன் உந்துவிசை தருவது. முழு ஆஃப்டர்பர்னரிலேயே வைத்திருந்தால் விமானத்தின் உடலுக்குள் உள்ள எரிபொருள் பத்து நிமிடம்கூடத் தாங்காது. இதை இளைஞரிடம் சொன்னேன். "சார், இதுல என்னென்ன தப்போ எல்லாத்தையும் எழுதிக் குடுங்க, ஒண்ணொண்ணா மாத்திடலாம்" என்று ஒரு நோட்டை நீட்டினார். அந்த நோட்டில் நான் எழுதியவற்றில் பாதி இந்த மதிப்புரையில் இருக்கிறது.

ஒலி அந்தப் பட்டியலில் முதல் வரி. சினிமாவில் வருவதைப்போல இயந்திரம் காதுக்குள் உறுமுகிறது. அசலில் இயந்திரம் நமக்குப் பின்னால் இருக்கிறது, தலையில் இறுக்கமான ஹெல்மெட் இருக்கிறது. அதை நாம் காதால் கேட்பதைவிட முதுகெலும்பால் உணர்வதுதான் அதிகம். காதில் நிறைந்திருப்பது காக்பிட்டுக்குள் பாயும் காற்றின் சீறலும், ரேடியோவின் கரகரப்பும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்சிஜன் முகமூடிக்குள் நம்முடைய மூச்சும்தான். பதற்றமாக இருக்கும் விமானியின் மூச்சு ரேடியோவில் மற்றவர்களுக்கும் கேட்கும். குரலைக் கட்டுப்படுத்தலாம், மூச்சை மறைக்க முடியாது. இருக்கைக்கு அடியில் அதிர்வு தரும் ஸ்பீக்கர் ஒன்றை வைத்திருப்பது நல்ல யோசனை, அதன் அளவைக் கூட்டி ஹெட்ஃபோனின் ஒலியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், உண்மைக்கு ஓரளவு நெருக்கமாக இருக்கும்.

ஆனால் எந்த அமைப்பை மாற்றியும் கொண்டுவர முடியாதது ஒன்று இருக்கிறது, அது எடை. 6 ஜி திருப்பத்தில், அதாவது புவியீர்ப்பைப்போல ஆறு மடங்கு விசை அழுத்தும் திருப்பத்தில், 70 கிலோ எடையுள்ள ஆள் 420 கிலோ ஆகிறான். தலையும் ஹெல்மெட்டும் கழுத்தின்மேல் ஆறு மடங்கு கனக்கின்றன, முகமூடி மூக்கிலிருந்து வழுக்கி இறங்குகிறது, கால்களில் ஜி-சூட் என்ற அழுத்த உடை காற்று நிரம்பி நெருக்குகிறது, வயிற்றையும் தொடைகளையும் இறுக்கிக்கொண்டு மூச்சைத் துண்டுதுண்டாக விடவேண்டியிருக்கிறது, அப்படியும் பார்வையின் ஓரங்கள் சாம்பல் நிறமாகின்றன. இந்த நிலையில்தான் தலையைத் திருப்பிப் பின்னால் வரும் எதிரியைத் தேடவேண்டும். சிமுலேட்டரில் திரையின் ஓரங்கள் மட்டும் கருக்கின்றன. மற்றபடி பையன்கள் சாவகாசமாகத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, ஒரு கையில் குளிர்பானத்தோடு, ஸ்டிக்கை வயிறுவரை இழுத்துவைத்து வட்டமடிக்கிறார்கள். ஸ்டிக்கின் விறைப்பும் எல்லா வேகத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. அசலில் வேகமும் உயரமும் மாறும்போது அதைத் தானாக மாற்றித்தரும் ஒரு கருவி உண்டு, கையின் உணர்வாலேயே வேகத்தை ஓரளவு ஊகிக்க முடியும். பெரிய நிறுவனங்களின் நகரும் மேடை பொருத்திய சிமுலேட்டர்களாலும் இந்த எடையைத் தர முடியாது. அவை தொடக்கத்து உதைப்பைத் தருகின்றன, நீடித்த அழுத்தத்துக்கு மேடையைச் சாய்த்துப் புவியீர்ப்பைக் கடன் வாங்குகின்றன, அவ்வளவுதான். எனவே இதை இந்த மாடியின் குறையாக நான் எழுதவில்லை. அங்கே வான்சண்டையில் வென்றுவிட்டு இறங்குகிறவர்கள், வென்றது கண்ணும் விரலும் மட்டும்தான் என்று தெரிந்துகொண்டால் போதும்.

எல்லையோரத் தளங்களில் புறப்படத் தயாராக, பட்டைகளையெல்லாம் கட்டிக்கொண்டு, கோடை வெயிலில் மூடிய காக்பிட்டுக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன. வியர்வை கண்ணுக்குள் வழியும், கையுறையோடு அதைத் துடைக்க முடியாது, மண்ணெண்ணெய் வாடையும் முகமூடி ரப்பரின் வாடையும் நெஞ்சுவரை இறங்கியிருக்கும். அப்படிக் காத்திருந்தவற்றில் பெரும்பகுதி, புறப்படும் உத்தரவு வராமலேயே முடிந்தது. போர் விமானியின் வேலையில் பெரிய பங்கு காத்திருப்பது. சிமுலேட்டர் கூடத்தில் ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது.

தாழப் பறப்பதில் ஒரு வார்த்தை. மணிக்கு 900 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்குச் சரியாக 15 கிலோமீட்டர், நொடிக்கு 250 மீட்டர். கணக்கு எளிது என்பதற்காகவே வழியறிதலுக்கு அந்த வேகம் வசதியானது. மடியில் வரைபடம், கையில் நிறுத்துக் கடிகாரம், இத்தனாவது நிமிடத்தில் இந்த ரயில் பாதை, இத்தனாவது நிமிடத்தில் இந்த வறண்ட ஏரி என்று போகவேண்டும். பெரம்பூரிலிருந்து புறப்பட்டால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எண்ணூர் வந்துவிடும். மென்பொருளில் நம் நாட்டு நிலப்பரப்பு கிடையாது. கருங்கடல் கரையோர மலைகள்தான் இருக்கின்றன. அங்கே ஆறும் மலையும் ஊரும் வழிகாட்டிகளாக நிறைய கிடைப்பதால் வழி தவறுவது கடினம். பாலைவனத்தில் ஒரு மணல்மேட்டுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு தெரியாமல் கடிகாரத்தை மட்டும் நம்பிப் பறந்த அனுபவத்தை அந்த மலைகளால் தர முடியவில்லை. என் பேத்தி மட்டும் அந்த மலைகளை மிகவும் ரசித்தாள்.

தரையிறங்குதல்தான் இந்தக் கருவியை நான் சோதித்த இடம், அது தேறிய இடமும் அதுவே. மிக்-21-இன் சிறிய முக்கோண இறக்கை, ஒலியைவிட இரு மடங்கு வேகத்துக்காகச் செதுக்கப்பட்டது. மெதுவாகப் பறக்க அதற்குப் பிடிக்காது. ஓடுதளத்தைத் தொடும்போதே மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் இருக்கும். வேகம் குறையக் குறைய மூக்கு உயர்கிறது, இழுவை பெருகுகிறது. இறங்கும் வேகம் கூடிவிட்டதென்று பயந்து மூக்கை இன்னும் தூக்கினால் விமானம் இன்னும் வேகமாக இறங்கும். த்ராட்டிலைக் கூட்டினால்தான் பிழைப்பு. இயந்திரமோ கேட்டவுடன் கொடுக்காது, சுழற்சி ஏறச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும், ஆகவே தேவைப்படுவதற்கு முன்பே கேட்கவேண்டும். பிஸ்ஸில் இதற்குமேல் ஒரு நுணுக்கம்: ஃபிளாப்பை முழுமையாக இறக்கியிருக்கும்போது இயந்திரத்திலிருந்து எடுத்த காற்றை ஃபிளாப்பின்மேல் ஊதித் தூக்குவிசையைக் கூட்டும் ஏற்பாடு இருக்கிறது. சக்கரம் தரையைத் தொடுவதற்குமுன் த்ராட்டிலை முழுக்க இழுத்துவிட்டால் ஊதுகாற்று நின்றுபோய், விமானம் கடைசி சில மீட்டர்களைத் தொப்பென்று கடக்கும். இவை அத்தனையும் அந்த மாடியில் அப்படியே நடக்கின்றன. பையன்கள் கார் நிறுத்துவதுபோல முன்கூட்டியே த்ராட்டிலை இழுத்துவிட்டு, "சார், கேம்ல பக் இருக்கு" என்கிறார்கள். பிழை மென்பொருளில் இல்லை. தம்பிகளே, தரை தொடும்வரை த்ராட்டிலை விடாதீர்கள்.

தொட்டபிறகு பிரேக் பாரசூட், அதன்பின் சக்கர பிரேக். மிக்-21-இல் பிரேக் காலில் இல்லை, ஸ்டிக்கின்மேல் சைக்கிள் பிரேக்போல ஒரு நெம்புகோலாக இருக்கும். அதை அழுத்திக்கொண்டு வால் சுக்கானை அசைக்கும் ரட்டர் பெடலை மிதித்தால் அந்தப் பக்கச் சக்கரம் கூடுதலாகப் பிடிக்கும், மூக்குச் சக்கரம் சும்மா உருண்டு கூடவே திரும்பும். காற்றழுத்தத்தால் இயங்குவதால் ஒவ்வொரு பிடிப்புக்கும் புஸ்ஸென்று சத்தம் வரும், குடுவையில் உள்ள காற்று தீர்ந்தால் பிரேக்கும் தீர்ந்தது. இங்கே நெம்புகோலுக்குப் பதில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் முழு பிரேக், விட்டால் ஒன்றும் இல்லை. இதனால் ஓடுதளத்திலிருந்து டாக்ஸிவே என்னும் பக்கப் பாதைக்குத் திரும்பும் இடத்தில் எல்லோரும் புல்வெளிக்குப் போய்விடுகிறார்கள். சைக்கிள் கடையில் ஒரு பிரேக் பிடியை வாங்கி, அளவுக்கேற்ப அழுத்தத்தை உணரும் சென்சாரோடு ஸ்டிக்கில் கட்டச் சொல்லியிருக்கிறேன். பெடல்களின் ஸ்பிரிங்குகளும் மிகவும் தளர்வு.

கூடத்தின் வழக்கமான அமைப்பில் எனக்கு உடன்பாடில்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. வாடிக்கையாளர் சீக்கிரம் சலித்துவிடக்கூடாது என்பதற்காக எரிபொருளையும் குண்டுகளையும் தீராதபடி வைத்திருக்கிறார்கள். பிஸ்ஸின் 23 மில்லிமீட்டர் பீரங்கியில் இருப்பது ஏறக்குறைய 200 குண்டுகள்; விசையை அழுத்தியே வைத்திருந்தால் நான்கு நொடிக்குள் முடிந்துவிடும். எரிபொருளோ புறப்பட்ட நொடியிலிருந்து மனத்தின் ஓர் ஓரத்தில் கணக்காக ஓடிக்கொண்டே இருப்பது; சண்டையில் இருந்தாலும், வழி தேடினாலும், ஓடுதளத்தில் முன்னால் இறங்கியவன் டயர் வெடித்து நின்றாலும், கேள்வி ஒன்றுதான்: இன்னும் எத்தனை நிமிடம்? அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் மிக்-21 வெறும் வேகமான வாகனம். கேட்டால் அமைப்பை மாற்றித் தருகிறார்கள், கேளுங்கள்.

இரண்டாவது, மோதி விழுந்தவுடன் திரையில் தோன்றும் "மீண்டும்" பொத்தான். அது இல்லாமல் பயிற்சி இல்லை என்பது எனக்கும் தெரியும். 2012-இல் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதிலின்படி, அதுவரை படையில் சேர்ந்த 872 மிக் விமானங்களில் 482 விபத்துகளில் அழிந்தன, 171 விமானிகள் இறந்தார்கள். அந்த எண்ணுக்குள் என்னோடு உணவு மேசையில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். காரணங்கள் பல: இயந்திரக் கோளாறு, பறவைகள், வானிலை, மனிதத் தவறு, இவற்றோடு கிரண் போன்ற மெதுவான ஜெட்டிலிருந்து மிக்-21-க்கு நடுவில் படிக்கட்டு இல்லாமல் ஏறவேண்டியிருந்த நிலை. அந்த நடுப்படியான ஹாக் பயிற்சி விமானம் 2008-இல்தான் வந்தது. எங்கள் காலத்தில் இந்தத் தரத்தில் ஒரு சிமுலேட்டர் தேஸ்பூரில் இருந்திருந்தால், மேலே சொன்ன ஃபிளாப் விஷயத்தையும் இறங்கும் வேகத்தின் விஷயத்தையும் தரையிலேயே நூறு தடவை விழுந்து கற்றிருப்போம். எனவே அந்தப் பொத்தானை எடுக்கச் சொல்லவில்லை. விழுந்தவுடனே மீண்டும் ஏறவிடாமல், ஏன் விழுந்தோம் என்று ஒரு நிமிடம் பதிவை ஓட்டிப் பார்க்கும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது, அதைக் காட்டிவிட்டு அடுத்த வாய்ப்பைக் கொடுங்கள் என்று சொன்னேன். நேரம் போகிறது என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். அந்த ஒரு நிமிடத்தைக் கட்டணத்தில் சேர்க்காமல் விட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி நடந்தபிறகு பள்ளி மாணவர்களின் வருகை கூடியிருப்பதாக உரிமையாளர் சொன்னார். இங்கே பழகினால் விமானப்படைத் தேர்வில் தேறிவிடலாம் என்று நம்பி மாதக் கட்டணம் கட்ட வருபவர்களும் இருக்கிறார்கள். கூடத்துக்காரர்கள் அப்படி எந்த வாக்குறுதியும் தருவதில்லை. இது அவர்களுடைய நாணயம். விமானிகளுக்கான திறனறி தேர்வை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுத முடியும் என்பதால் பதற்றம் புரிகிறது, ஆனால் அந்தத் தேர்வு சோதிப்பது பல வேலைகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் ஆற்றலையும் கண்-கை ஒத்திசைவையுமே தவிர, மிக்-21-இன் சுவிட்சுகள் எங்கே இருக்கின்றன என்பதை அல்ல. பிள்ளைக்கு விமானத்தின்மேல் ஆசை இருக்கிறதா, அல்லது சுடுவதன்மேல் மட்டும்தான் ஆசையா என்று கண்டுபிடிக்க இந்த இடம் உதவும்: இயந்திரத்தைக் கிளப்பும் ஐந்து நிமிடத்தை அவன் விரும்பிச் செய்கிறானா என்று பாருங்கள். மாதக் கட்டணம் கட்டவேண்டாம், எப்போதாவது ஒரு மணி நேரம் போதும். மிச்சப் பணத்தைக் கணக்குப் பாடத்துக்குச் செலவிடுங்கள்.

நடைமுறைச் செய்திகள். மின்தூக்கி இல்லை, படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளவேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காத்திருக்க நேரிடும். வார நாள்களில் பதினொரு மணிக்குப் போனால் இருக்கை காலியாக இருக்கும், சொல்லிக்கொடுக்கவும் அவர்களுக்கு நேரம் இருக்கும். தெருவில் கார் நிறுத்த இடம் கிடையாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பெடல் எட்டுவதில்லை, முதுகுக்குப் பின்னால் வைக்க ஒரு திண்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பதிவு செய்யும்போதே மிக்-21 பிஸ், மூன்று திரைகள், இயந்திரம் அணைந்த நிலை, அளவுள்ள எரிபொருள் என்று நான்கையும் சொல்லிவிடுங்கள். இருக்கையில் உட்கார்ந்தபிறகு மாற்றினால் கணினியைத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கிறது, அந்த நேரமும் நம் கணக்கில்தான் போகிறது.